மூன்று பகலும் இரண்டு இரவும்
பாய்மரத்தில் ஒரு கரையோர யாத்திரை

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவிலே வாழும் நாம், அக்கடலைப் பெரும்பாலும் கரையில் நின்றே பார்க்கின்றோம். பருத்தித்துறையிலிருந்து திருகோணமலைக்குப் போக வேண்டுமாயின் பேருந்தில் ஏறி, ஆனையிறவைக் கடந்து, வவுனியாவைச் சுற்றி, நாளின் பெரும் பகுதியை வீதியிலே கழிக்கின்றோம். இவ்விரு ஊர்களும் ஒரே கரையில் இருக்கின்றன என்பதையே மறந்துவிடுகின்றோம். கடல் வழியே அளந்தால் இவற்றிற்கு இடையேயுள்ள தூரம் ஏறத்தாழ 100 கடல் மைல். காற்று ஒத்துழைத்தால் ஒரு சிறு பாய்மரப் படகு மணிக்கு நான்கு அல்லது ஐந்து கடல் மைல் ஓடும். பகலில் மட்டும் ஓடி, இரவில் நங்கூரம் பாய்ச்சித் தங்கினால் மூன்று பகலிலும் இரண்டு இரவிலும் போய்ச் சேரலாம்.

வாசகர்களை மனத்தளவிலேனும் அப்படியொரு படகில் ஏற்றிச் செல்ல எண்ணுகின்றோம். படகு முப்பதடி நீளம். ஒரு பாய்மரம், ஒரு பெரிய பாய், முன்னே ஒரு சிறு பாய். தண்டையல் ஒருவர், துணைக்கு மூவர். குடிதண்ணீர், அரிசி, கருவாடு, புளி, விறகுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் அடுப்பு. தண்ணீரைக் கணக்கிட்டு ஏற்ற வேண்டும். வெயிற்காலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றரேனும் தேவை. சோறு வடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு கடல்நீரைச் சேர்த்தால் உப்பும் மிச்சம், தண்ணீரும் மிச்சம் என்பது கடலோடிகளின் சிக்கனம்.

எந்த மாதம் புறப்படுவது?

இக்கேள்விக்கு விடை கூறுவது காற்று. நம் முன்னோர் காற்றுக்குத் திசை பார்த்துப் பெயரிட்டார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது சோழகம். இப்பெயர்களை வெறும் சொற்களாக இன்று படிக்கும் மாணவர்கள், அவை ஒரு காலத்தில் கால அட்டவணையாகவே பயன்பட்டன என்பதை அறிதல் நன்று. எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு எப்போது சரக்கு ஏற்றலாம் என்பதை அவையே தீர்மானித்தன.

பருத்தித்துறையிலிருந்து திருகோணமலை வரையிலான கரை, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து ஓடுகின்றது. மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று அக்கரையின்மீது நேராக மோதுகின்றது. அலை எழுந்து கரையில் உடைகின்றது. நீரோட்டமும் தெற்கு நோக்கி இழுக்கின்றது. அக்காலத்தில் அங்கே பாய்மரப் படகுக்கு ஒதுங்க இடமில்லை. ஆனி, ஆடி மாதங்களிலோ சோழகம் தரையைக் கடந்து வந்து கடலை நோக்கி வீசுகின்றது. கரையை அண்டிய நீர், தரையின் மறைவில் அலையடங்கிக் கிடக்கின்றது. தென்கிழக்கே செல்லும் படகுக்கு அக்காற்று வலப்பக்கத்திலிருந்து குறுக்காக வரும். பாய்க்கு இதனினும் உவப்பான காற்று வேறில்லை. எதிர்க்காற்றில் படகு வளைந்து வளைந்து செல்ல வேண்டும். பின்காற்றில் படகு உருளும். பக்கக் காற்றில் அது ஒரு பக்கம் சற்றே சாய்ந்து, நிதானமாக ஓடும். ஆகவே நாம் ஆனி மாதத்திலே புறப்படுகின்றோம்.

விடியுமுன், வெள்ளி முளைத்திருக்கும் வேளையிலே பாயை ஏற்றுகின்றோம். இரவெல்லாம் சூடிழந்த தரையிலிருந்து கடலை நோக்கி வரும் காற்று அப்போது இன்னும் ஓயவில்லை. பகலில் தரை கடலைவிட விரைவில் சூடேறுவதும், அதன்மேல் உள்ள வளி இலேசாகி மேலெழுவதும், அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருவதும், இரவில் இதற்கு மாறாக நிகழ்வதும் பாடப் புத்தகத்திலே படித்த செய்திகளே. ஆனால் இருட்டில் படகின் முன்புறத்தில் உட்கார்ந்திருப்பவன் அதை மூக்கினாலே அறிவான். தரைக்காற்று வரும்போது அதனுடன் ஈரமண்ணின் மணமும், அடுப்புப் புகையின் மணமும் சேர்ந்து வரும்.

பின்னே மேற்குப் பக்கத்தில் வல்வெட்டித்துறை மறைகின்றது. அவ்வூரைக் கடக்கும்போது ஒரு கப்பலை நினையாமல் இருக்க முடியாது. அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற 89 அடி நீளமான பாய்மரக் கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 32 அடிப் படகொன்றில் 1928 முதல் 1931 வரை உலகத்தைச் சுற்றி வந்தவர் அவர். பாய்மரத்தின் தரம் அறிந்தவர். கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவர் உட்பட்ட ஒரு சிறு குழு அதைச் சூயெஸ் கால்வாய் வழியாகவும், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் வழியாகவும் செலுத்தி, 1938 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்திற் சேர்த்தது. உள்ளூர் மேஸ்திரிமார் தச்சுக் கணக்கில் கட்டிய கப்பல் அது. பர்மாவுக்கும் தென்னிந்தியாவுக்கும் ஓடிப் பழகிய கைகளே அமெரிக்கா வரைக்கும் அதன் கயிறுகளைப் பிடித்தன.

நங்கூரம் என்னும் உழுபடை

வல்லிபுரக் கோயில் வலப்பக்கத்தில் ஒதுங்க, நீண்ட மணற்கரை தொடங்குகின்றது. வடமராட்சி கிழக்கிலிருந்து முல்லைத்தீவு வரை மணலும் பனையும் சிறு பற்றைகளும் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. காற்று நிலைத்துவிட்டால் சுக்கானைப் பிடிப்பவரைத் தவிர மற்றவர்க்கு அதிக வேலையில்லை. இந்த ஓய்வைப் பயன்படுத்தி, மாலையில் நமக்கு வேண்டிய ஒரு பொருளைப் பற்றிப் பேசுவோம்.

நங்கூரம் தன் பாரத்தினாலே படகைப் பிடித்து வைக்கின்றது என்றே பலரும் எண்ணுகின்றனர். முப்பதடிப் படகை இழுக்கும் காற்றின் வலிமைக்கு முன், பதினைந்து கிலோ இரும்பின் பாரம் எம்மாத்திரம்? காற்றின் வேகம் இரு மடங்கானால் அது படகை இழுக்கும் விசை நான்கு மடங்காகின்றது. பாரத்தை மட்டும் நம்பினால் ஒரு மழைக்காற்றுக்கே படகு போய்விடும். நங்கூரம் பிடிப்பதற்குக் காரணம், அது தரையைக் கிளறிக்கொண்டு உள்ளே இறங்குவதுதான். அப்படி இறங்க வேண்டுமாயின் இழுவை கிடையாக இருத்தல் வேண்டும். மேல்நோக்கி இழுத்தால், முளைக்கட்டையை நிமிர்த்திப் பிடுங்குவது போல அது கழன்றுவிடும்.

இதிலிருந்தே கயிற்றின் நீளத்துக்கான கணக்குப் பிறக்கின்றது. மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். நீரின் ஆழம் மூன்று பாகம் என்று கொள்வோம். ஒரு பாகம் ஆறடி. ஆகவே 18 அடி. படகின் முன்முனை நீருக்கு மேலே 3 அடி உயரம். மொத்தம் 21 அடி. சங்கிலியாக இருந்தால் இதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 105 அடி விட வேண்டும். கயிறு மட்டுமாயின் ஏழு மடங்கு, 147 அடி. சங்கிலி குறைவாகப் போதுவதேன்? அதன் கனத்தினால் அது தொய்ந்து, அடித்தரையிலே படுத்துக் கிடக்கின்றது. அலை படகைத் தூக்கும்போது அத்தொய்வு விரிந்து கொடுக்கின்றது. அதிர்ச்சி நங்கூரத்தைப் போய்ச் சேருவதில்லை. பெரிய கப்பலில் தடித்த ஆலாத்துக் கயிறு ஓடிய காலத்திலும் கணக்கு இதுவேதான். காற்று வலுக்கும் இரவில், சங்கிலியை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடு என்று தண்டையல் சொல்வதன் காரணமும் இதுவே. இழுத்துக் கட்டுவதால் அல்ல, விட்டுக்கொடுப்பதாலேதான் படகு நிலைக்கின்றது.

பண்டைக் காலத்தில் நம் கடற்கரைகளில் மரக்கவையில் கல்லைக் கட்டி நங்கூரமாக இறக்கினார்கள். பின்னர் இரு கைகளும் குறுக்குத் தண்டும் உடைய இரும்பு நங்கூரம் வந்தது. அதன் பிறகு வந்ததில் ஒன்றைத் தமிழர் அறிந்துகொள்வது பொருத்தமாகும். ஏனெனில் அது ஏர்க் கொழுவின் வடிவம் உடையது. அதை 1933 ஆம் ஆண்டில் வடிவமைத்தவர் இரும்புக் கொல்லரோ மாலுமியோ அல்லர். நீர், வளி ஆகியவற்றின் ஓட்டத்தை ஆராய்ந்து பெரும்புகழ் பெற்ற கேம்பிரிட்ஜ் பௌதிகவியலாளர் ஜெஃப்ரி இன்கிரம் ரெய்லர் அவர். ‘சீ.கியூ.ஆர்.’ என்று அதற்குப் பெயர். ஆங்கிலத்தில் அவ்வெழுத்துகளை விரைவாக உச்சரித்தால் ‘பத்திரமானது’ என்ற பொருளுடைய சொல்லின் ஒலி வரும். கடல்விமானங்களுக்குப் பாரங்குறைந்த, ஆனால் நன்றாகப் பிடிக்கக்கூடிய நங்கூரம் வேண்டும் என்பதே அவரது நோக்கம். அவர் ஏட்டுச் சுரைக்காய்க்காரர் அல்லர்; 1927 இல் மனைவியுடன் சிறு பாய்மரப் படகொன்றில் நோர்வேயின் வடபகுதியில் உள்ள லொபோட்டன் தீவுகள் வரை சென்று வந்தவர். மண்ணைக் கிழித்து ஆழ இறங்கும் கருவி எப்படியிருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்தப் பேரறிஞர் கண்ட விடை, நம் வயல்களிலே இருக்கும் கலப்பைக் கொழுவுக்கு நெருங்கிய உறவாக அமைந்தது.

முதலிரவு: முல்லைத்தீவு

பருத்தித்துறையிலிருந்து முல்லைத்தீவுக்குக் கடல் வழியே 48 மைல் அளவில் இருக்கும். விடியுமுன் புறப்பட்டவர்கள் பிற்பகல் நாலு மணியளவில் அங்கே சேரலாம். இங்கே துறைமுகம் என்று சொல்லத்தக்க காப்பிடம் இல்லை; கரை திறந்தே கிடக்கின்றது. சோழகக் காலத்தில் மட்டும் தரையே நமக்கு மதிலாக நிற்கின்றது.

கிழக்குக் கரையில் தங்கப் போகின்றவர் ஒரு காரியத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மாலையில் கரையை நோக்கித் திரும்பும்போது சூரியன் மேற்கில், நம் கண்ணுக்கு நேரே இருக்கும். நீரின்மேல் அதன் ஒளி பளபளக்க, அடியில் உள்ள பாரும் மணற்றிட்டும் கண்ணுக்குத் தெரியாமற் போகும். சூரியன் முதுகுக்குப் பின்னே இருந்தால் ஆழமான நீர் கருநீலமாகவும், ஆழங்குறைந்த நீர் பச்சையாகவும், முருகைக்கல் கபிலமாகவும் பிரிந்து தெரியும். ஆகவே கிழக்குக் கரையில் வெயில் உச்சியிலிருந்து அதிகம் சாயுமுன் வந்து சேருவது உத்தமம். பிந்தினால், கண்ணை நம்பாமல் ஈயக்குண்டை நம்ப வேண்டும். கயிற்றில் கட்டிய அக்குண்டின் அடியில் ஒரு குழி உண்டு. அதில் கொழுப்பை அப்பி இறக்கினால் ஆழத்தைச் சொல்வதுடன், அடித்தரையின் மண்ணையும் ஒட்டிக்கொண்டு வரும். மணலா, சேறா, சிப்பியா என்று தண்டையல் விரலால் தேய்த்துப் பார்ப்பார். ஒன்றுமே ஒட்டாமல் கொழுப்பிலே கீறல் மட்டும் இருந்தால் கீழே பாறை. அங்கே நங்கூரம் பாய்ச்சலாகாது.

முல்லைத்தீவில் ஒட்டுவது மணல். படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, பாயை இறக்கி, படகு நின்று பின்னோக்கி நகரத் தொடங்கும் கணத்தில் நங்கூரத்தை இறக்குகின்றோம். எறிவதில்லை, எறிந்தால் சங்கிலி அதன்மேல் குவிந்து சிக்கிக்கொள்ளும். படகு பின்னே செல்லச் செல்லச் சங்கிலியை விடுகின்றோம். பின்பு ஒருவர் சங்கிலியின்மேல் கையை வைத்துப் பார்க்கின்றார். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி விறைத்துச் சும்மா இருக்கும்; இழுபட்டால், தரையிலே உராயும் நடுக்கம் சங்கிலி வழியாகக் கைக்கு ஏறும். அடுத்து, கரையில் ஒன்றன்பின் ஒன்றாக உள்ள இரண்டு அடையாளங்களைப் பார்த்து வைத்துக்கொள்கின்றோம்: முன்னே ஒரு தனிப்பனை, பின்னே ஒரு கூரை முகடு. அவ்விரண்டும் ஒரே நேரில் நிற்கும் வரையில் நாமும் நின்ற இடத்தில் நிற்கின்றோம். இருட்டியபின் கரையில் எரியும் இரண்டு விளக்குகள் அப்பணியைச் செய்யும். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்காரர் உறங்கப் போய்விட்டால் வேறு இரண்டைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்!

இங்கே சற்று நின்று ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 2006 டிசம்பரில், அரிசி ஏற்றிவந்த ‘பாரா-3’ என்ற ஜோர்தானியச் சரக்குக் கப்பல் இந்தக் கடலிலே இயந்திரம் பழுதுற்று, முல்லைத்தீவுக் கரையிலே தட்டியது. மாலுமிகள் உயிர் தப்பினர், கப்பல் தப்பவில்லை. மாதத்தைக் கவனியுங்கள். மார்கழியில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். பலங்குன்றிய கலம் எதுவாயினும், அது பெரிய இரும்புக் கப்பலானாலும் சிறு வள்ளமானாலும், மெல்ல மெல்லக் கரையை நோக்கியே தள்ளப்படும். கரையில் நின்று பார்ப்பவனுக்குக் கரை பாதுகாப்பு. காற்றுக்குக் கீழே கரையை வைத்திருக்கும் மாலுமிக்கு அதைவிடப் பெரிய பகை வேறில்லை. நாம் வந்த ஆனி மாதத்தில் அபாயம் வேறு வகையானது. நங்கூரம் நழுவினால் படகு கரையில் மோதாது; உறங்குகிறவர்களோடு சத்தமின்றிக் கடலுக்குள் போய்விடும். எங்கும் தட்டாததால் எவரும் விழிக்கவும் மாட்டார்கள்.

இதனாலேதான் காவல் அவசியமாகின்றது. நால்வர் இரவைப் பங்கிட்டுக் கொள்கின்றோம். எல்லாத் திசைக்கும் தெரியத்தக்க ஒரு வெள்ளை விளக்கு உயரத்தில் எரிகின்றது. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்கு மேல் ஒன்பது பாகை உயரத்திலேயே இருப்பதால் புகாரில் மறைவதுண்டு. தெற்கே தேளின் வடிவில் எழும் நட்சத்திரக் கூட்டமே ஆனி மாதக் காவற்காரனின் மணிக்கூடு. அதன் நடுவே சிவந்து மின்னும் கேட்டை தெற்கே உச்சம் கொள்ளும்போது நள்ளிரவு நெருங்கிவிட்டது என்று அறிந்து, அடுத்தவரை எழுப்பலாம். ‘எழும்பு தம்பி, கயிற்றைத் தொட்டுப் பாத்திட்டு இரு’ என்பார் தண்டையல். கண்ணை விரித்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதிலும் அந்தத் தொடுகை மேலானது.

இக்கரையில் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்ததையும், 2009 மே மாதம் வரை நிகழ்ந்தவற்றையும் அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. அவற்றை இப்பக்கத்தில் எழுதப் புகவில்லை. ஆயினும் கரையில் விளக்குகள் எரியும் இடங்களையும் எரியாத இடங்களையும் பார்த்துக்கொண்டு இரவு இரண்டு மணிக்குப் படகில் தனியே விழித்திருப்பவன் எதை நினைப்பான் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கடலறிவைப் பொறுத்தவரை ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். ஆழிப்பேரலை வந்த காலையில் ஆழ்கடலில் நின்ற மீனவர் பலர் அதை உணரவேயில்லை. ஆழத்தில் அவ்வலை நீண்டு தாழ்ந்து செல்லும். ஆழங்குறைந்த இடத்துக்கு வரும்போதே சுவராக எழும்.

இரண்டாம் நாள்

கொக்குளாய், புல்மோட்டை, குச்சவெளி என்று ஊர்கள் வலப்பக்கத்தில் நகர்கின்றன. களப்பு வாய்களைக் கடக்கும்போது நீரின் நிறம் மாறுகின்றது. தொடுவாய்களின் முன்னே மணற்றிட்டு ஆண்டுதோறும் இடம் மாறுவதால், பழைய தண்டையலும் சென்ற வருடத்து நினைவை நம்பி அருகே போகமாட்டார். புல்மோட்டைக் கரையில் மணல் கறுத்துக் கிடப்பது இல்மனைற்று முதலிய கனியங்களினால்.

வழியெங்கும் எதிர்ப்படுபவை கண்ணாடியிழைப் படகுகள்; வெளியிணை இயந்திரம் பூட்டியவை. நாம் ஒரு மணியில் ஓடும் தூரத்தைப் பத்து நிமிடத்தில் ஓடிவிடுகின்றன. இயந்திரத்தை இகழ்வது நமது நோக்கமன்று. கரைவலைக்கும் களங்கட்டிக்கும் அப்பாற் சென்று உழைத்து, பொழுது சாயுமுன் மீனைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டியவர்க்குப் பாய்மரத்தின் நிதானம் கட்டுப்படியாகாது. ஆனால் 1983 முதல் 2009 வரையிலான ஆண்டுகளில் வடகிழக்குக் கடலில் தடைகள் நீண்டபோது, பாயைக் கையாளக் கற்றுக்கொடுக்க வேண்டிய தலைமுறைக்கும் கற்க வேண்டிய தலைமுறைக்கும் இடையே ஒரு வெட்டு விழுந்தது. இயந்திரம் ஒன்றையே நம்பிச் சென்ற படகு அது நின்றவுடன் கடலில் மிதந்து, நாட்கணக்கில் அலைந்து, வேறு நாட்டுக் கரையில் ஒதுங்கிய செய்திகளைப் பத்திரிகைகளிலே அடிக்கடி படிக்கின்றோம். அப்படகில் ஒரு துண்டுப் பாயும், போதிய கயிற்றோடு ஒரு நல்ல நங்கூரமும், அவற்றைப் பாவிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் கதை வேறாகலாம். சோழகத்தில் இயந்திரம் நின்ற படகுக்கு முதல் ஒரு மணி நேரமே முக்கியம். அடித்தரை எட்டும் ஆழத்தில் இருக்கும்போதே நங்கூரம் இறங்கிவிட வேண்டும். ஆழம் கூடியபின் எவ்வளவு கயிறு இருந்தும் பயனில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குப் புறாமலை தெரிகின்றது. நிலாவெளிக் கரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அப்பால் உள்ள இரு சிறு தீவுகள் அவை. மாடப்புறாக்கள் அங்கே கூடுகட்டுவதாற் பெயர் வந்தது. சுற்றிலும் முருகைக்கற் பார். 2003 ஆம் ஆண்டில் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நங்கூரத்தை இங்கே முருகைக்கல்லில் இறக்குவது இருவகையிலும் தவறு. முருகைக்கல் உயிருள்ள சிற்றுயிர்களின் குடியிருப்பு; சில இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர்கூட வளர்வதில்லை. படகு காற்றோடு சுழலும்போது சங்கிலி வட்டமாக அரைத்துக்கொண்டு போகும். பல பத்தாண்டு வளர்ச்சி ஓரிரவில் தூளாகும். படகுக்கும் அது நன்மையன்று. கல்லிடுக்கில் சிக்கிய நங்கூரம் காலையில் எழும்பாது. கயிறாயின் விடியுமுன்பே அறுந்துவிடும். ஆகவே தீவுக்கும் நிலாவெளிக்கும் இடையே, கரையை அண்டி, வெள்ளை மணல் தெளிவாகத் தெரியும் இடம் பார்த்து இறக்குகின்றோம். நேரத்தோடு வந்ததன் பயன் இங்கே தெரிகின்றது. நங்கூரம் மணலைக் கிழித்து இறங்குவதை மேலிருந்தே கண்ணாற் காணலாம்.

அன்றிரவு காற்று விழுந்துவிடுகின்றது. கடற்காற்றும் தரைக்காற்றும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கும் வேளையில் படகு தன் விருப்பம் போலச் சுழல்கின்றது. இரு படகுகள் அருகருகே நின்றால் மோதிக்கொள்வது இத்தகைய அமைதியான இரவில்தான். ஆகவே பக்கத்துப் படகுக்கும் ஒரு வட்டம் உண்டு என்று எண்ணி, இடம் விட்டு நிற்பது கடல் மரியாதை.

மூன்றாம் நாள்: கோணமலையின் அடியில்

எஞ்சியிருப்பது பத்து மைல். சுவாமி மலை கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்க, உச்சியில் கோணேசர் கோயில். தரையால் வருபவர் கோட்டை வாசலால் நுழைந்து பின்புறமாக ஏறுகின்றனர்; கடலால் வருபவருக்கே மலையின் முழு முகம் காட்சி கொடுக்கின்றது. பாயைச் சற்றே தாழ்த்தி, அனைவரும் கைகூப்புகின்றோம். மலையடியில் நீர் உடனே ஆழமாகின்றது. வைகாசி முதல் ஆவணி வரை இக்கடலிலே திமிங்கிலங்கள் நீரை ஊதுவதையும் காணலாம்.

ஒஸ்னபேர்க் முனையைச் சுற்றினால் கொட்டியாரக்குடா விரிகின்றது. மகாவலி கங்கை வந்து விழும் குடா இது. அதனூடே கடலடியில் ஓர் ஆழ்பள்ளத்தாக்கு ஓடுகின்றது; சிறிது தூரத்திலேயே ஆழம் நூற்றுக்கணக்கான பாகமாகிவிடும். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று புகழப்படும் இடத்தில் சிறு படகுக்கு வரும் இடர் விசித்திரமானது: நங்கூரம் எட்டாத அளவு ஆழம்! எங்கே அடித்தரை உயர்கின்றதோ, அந்த ஒதுக்குகளையே தேட வேண்டும்.

1659 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினக் கடலிலே புயலில் அகப்பட்ட ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், பாய்மரம் இழந்து, புது மரம் வெட்டிக் கொள்வதற்காக இக்குடாவுக்கு வந்து நங்கூரமிட்டது. நங்கூரம் நன்றாகவே பிடித்தது. ஆபத்து கரையிலிருந்து வந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் வந்து, கப்பற்றலைவர் ரொபேட் நொக்ஸையும், அதே பெயருடைய அவர் மகனையும், வேறு பலரையும் 1660 இல் சிறைபிடித்தனர். பிடிபட்ட இடமென்று மூதூரில் ஒரு புளியமரத்தைக் காட்டி, ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று அழைத்து, நினைவுக் கல்லும் நாட்டினார்கள். தந்தை மறு ஆண்டே மலைநாட்டில் காய்ச்சலால் இறந்தார். பத்தொன்பது வயதில் பிடிபட்ட மகன், பத்தொன்பது ஆண்டுகளின் பின் 1679 இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார்; 1681 இல் அவர் வெளியிட்ட நூல் அக்கால இலங்கையைப் பற்றி நமக்குக் கிடைத்த அரிய சாட்சியங்களுள் ஒன்று. கப்பலோ பிடிபடவில்லை. தலைவனைக் கரையில் விட்டுவிட்டு, நங்கூரத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டுப் போயிற்று. தப்பிய மகன் பின்னாளில் தாமே கப்பற்றலைவராகித் திரும்பவும் கடலோடினார்.

உட்துறைமுகத்தில் எந்த ஒதுக்கில் நிற்கலாம், எதில் நிற்கலாகாது என்பதற்குத் துறைமுகத்தாரும் கடற்படையினரும் வகுத்த விதிகள் உண்டு. புறப்படுமுன்பே கேட்டறிந்து கொள்ள வேண்டும். அனுமதிக்கப்பட்ட ஒதுக்கொன்றில் ஈயக்குண்டை இறக்கிப் பார்க்கின்றோம். ஐந்து பாகம். கொழுப்பில் ஒட்டி வந்தது கருஞ்சேறு. நாற்றம் சற்றுக் கடுமை, ஆனால் பிடிப்பு உறுதி. சங்கிலி கடகடவென்று ஓடி நிற்கின்றது. தண்டையல் குனிந்து அதைத் தொட்டுப் பார்க்கின்றார். அடுப்பிலே சோறு கொதிக்கத் தொடங்குகின்றது.